விஎம்-ஐ புது ஆபீஸ் லேப்டாப்புக்கு மாத்தினேன், 2022-க்குப் போயிடுச்சு. உதவி ப்ளீஸ்

அம்பத்தூர் மெயின்டனன்ஸ்
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில மெயின்டனன்ஸ்ல இருக்கேன். ஒரு பழைய மெஷினோட பிஎல்சி (மெஷினை இயக்குற கன்ட்ரோலர்) சாஃப்ட்வேர் விண்டோஸ் 7-ல மட்டும்தான் ஓடும். அதுக்காகவே விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-ல ஒரு விஎம் (லேப்டாப்புக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) வச்சிருக்கேன். லேப்டாப் பேட்டரி உப்பி டச்பேடையே தூக்கிடுச்சு. புதுசு குடுத்துட்டாங்க, பழசை வெள்ளிக்கிழமை ஒப்படைக்கணும். புதுசு முழுக்க ஐடி கையில. அட்மின் கிடையாது, பென்டிரைவ் சொருகினா திறக்காது. டிக்கெட் போட்டு விர்ச்சுவல்பாக்ஸ் 7 போட வச்சேன்.

விஎம்-ஓட டிஸ்க்கான 34 ஜிபி விடிஐ ஃபைலை ஷேர்டு ஃபோல்டர் வழியா கொண்டுவந்து, புதுசா ஒரு விஎம் உருவாக்கி அதுல மாட்டினேன். பூட் ஆச்சு. ஆனா டெஸ்க்டாப்ல இருக்கிறதெல்லாம் 2022 மார்ச் ஃபைல்தான். அதுக்கப்புறம் செஞ்ச ஒரு மாத்தமும் இல்ல. சாஃப்ட்வேர் லைசென்ஸ் வேற கேட்குது. எல்லாம் போச்சா?

கிண்டி சர்வர் ரூம்
போகல பாஸ், பதறாதீங்க. 2022 மார்ச்ல ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்-ஓட அந்த நேரத்து நிலையோட பதிவு, எடுத்திருப்பீங்க. எடுத்த நிமிஷத்துல இருந்து அந்த விடிஐ அப்படியே உறைஞ்சிடும். அதுக்கப்புறம் நீங்க எழுதினது எல்லாம் விஎம் ஃபோல்டருக்குள்ள 'ஸ்னாப்ஷாட்ஸ்'னு ஒரு ஃபோல்டர்ல, நீளமா எண்ணும் எழுத்துமா பேர் வச்ச வேற விடிஐ-ல போய்ச் சேரும். நீங்க அடித்தளத்தை மட்டும் பெயர்த்துட்டு வந்திருக்கீங்க, மாடி அங்கேயே நிக்குது.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பூட் பண்ணினது காப்பியையா, ஒரிஜினலையா? ஒரிஜினல் விடிஐ-ய தனியா பூட் பண்ணி அதுல ஏதாவது எழுதியிருந்தா ஸ்னாப்ஷாட் அதோட ஒட்டாது.

அம்பத்தூர் மெயின்டனன்ஸ்
காப்பியைத்தான் சார். பழசைத் தொடல. நீங்க சொன்ன மாதிரியே அந்த ஃபோல்டர்ல 21 ஜிபி-ல ஒரு ஃபைல் உட்கார்ந்திருக்கு! நேத்து ராத்திரி தூங்கவே இல்ல.

கிண்டி சர்வர் ரூம்
அப்போ புதுசுல உருவாக்கின விஎம்-ஐ அழிச்சிடுங்க. பழசுல விஎம்-க்குள்ள போய் விண்டோஸை முறையா ஷட்டவுன் பண்ணுங்க. லிஸ்ட்ல 'பவர்டு ஆஃப்'னு இருக்கணும். 'சேவ்டு'னு இருந்தா வேற ப்ராசசர்ல எழுந்திருக்காம போகலாம். அப்புறம் முழு ஃபோல்டரையும், விஎம் செட்டிங் இருக்கிற விபாக்ஸ் ஃபைல் உட்பட, அப்படியே காப்பி பண்ணி, புதுசுல 'ஆட்' குடுத்து அந்த விபாக்ஸ் ஃபைலைக் காட்டுங்க.

லைசென்ஸ் கேட்டதுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன். புது விஎம் உருவாக்கினா புது மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்), புது ஹார்டுவேர் ஐடி. பழைய சாஃப்ட்வேர் பல இதுல ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுத்தான் லைசென்ஸ் பாக்கும். பழைய விபாக்ஸ் ஃபைலோட வந்தா ரெண்டும் மாறாது. விஎம்-ஐ ஓவிஏ-ன்னு ஒரே ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணச் சொல்லி யாராவது வருவாங்க. பொதுவா நல்ல வழிதான், ஸ்னாப்ஷாட்டை எல்லாம் ஒண்ணாக்கிக் குடுக்கும். அதுலயும் இந்த ஐடி மாறலாம், அதனால உங்களுக்கு வேண்டாம்.

ஹெல்ப்டெஸ்க் அக்கா
நான் ஐடி பக்கத்துல இருந்து சொல்றேன் தம்பி. பழசுல யூஎஸ்பி-க்காக எக்ஸ்டென்ஷன் பேக்னு விர்ச்சுவல்பாக்ஸோட கூடுதல் பேக்கேஜைப் போட்டிருப்பீங்க. அதைப் புதுசுல போடாதீங்க. சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் அது இலவசம், கம்பெனின்னா விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடுற ஆரக்கிள்கிட்ட காசு குடுத்து லைசென்ஸ் வாங்கணும். 7.0-ல இருந்து யூஎஸ்பி 2, 3 ரெண்டும் அடிப்படைப் பேக்கேஜ்லயே வந்துடுச்சு, தேவையே இல்ல.

இன்னொண்ணு. விண்டோஸ் 7-க்கு இலவச அப்டேட் 2020 ஜனவரியோட நின்னுச்சு. உங்க ஐடி டீம் அதை நெட்வொர்க்ல விடமாட்டாங்க, நானா இருந்தாலும் விடமாட்டேன். அதுக்காக நெட்வொர்க் அடாப்டரையே எடுத்துடாதீங்க, மேக் அட்ரஸும் கூடவே போயிடும். அடாப்டர் செட்டிங்ல 'கேபிள் கனெக்டட்' டிக்கை மட்டும் எடுங்க. கார்டு இருக்கும், கம்பி இருக்காது.

அம்பத்தூர் மெயின்டனன்ஸ்
அக்கா, சார், வந்துடுச்சு! போன வாரம் மாத்தின டைமர் வேல்யூ வரைக்கும் அப்படியே இருக்கு, லைசென்ஸும் கேட்கல. ஆனா ஆமை வேகம். நிஜமாவே கீழ ஓரத்துல பச்சையா ஒரு ஆமை படம் தெரியுது.

கிண்டி சர்வர் ரூம்
ஹாஹா, அது உண்மையிலேயே ஆமைதான். ப்ராசசர்ல விஎம் ஓட்ட உதவுற விர்ச்சுவலைசேஷனை, விண்டோஸோட சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிடிச்சு வச்சிருக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் அதுக்கு மேல ஏறி ஓடுதுன்னு அர்த்தம். மெமரி இன்டெக்ரிட்டி மாதிரி பாதுகாப்பு வசதி ஆன்ல இருந்தா இப்படி வரும். உங்க லேப்டாப்ல அதை ஆன் பண்ணினது கம்பெனி பாலிசியா இருக்கும், நீங்க கை வைக்காதீங்க. விஎம்-க்கு 4 கோர் குடுத்திருந்தா 1 இல்ல 2-ஆ குறைச்சுப் பாருங்க.

ஹைப்பர்-விக்கே மாத்திடலாமேன்னு தோணும். அதுல யூஎஸ்பி கேபிளை நேரா விஎம்-க்குள்ள குடுக்க முடியாது. உங்க பிஎல்சி கேபிளுக்கு ஆகாது.

ஹெல்ப்டெஸ்க் அக்கா
பிஎல்சி கேபிள் கனெக்ட் ஆகுதான்னு மெஷின் லைன்ல போய் பார்த்தீங்களா தம்பி? அதுக்கு முன்னாடி பழசை ஒப்படைக்காதீங்க, கைக்கு வந்ததும் அழிச்சிடுவாங்க.

அம்பத்தூர் மெயின்டனன்ஸ்
இப்பதான் ஷிஃப்ட் மாறுற நேரத்துல மாட்டிப் பார்த்தேன் அக்கா. பென்டிரைவைத்தான் தடுக்குறாங்க, பிஎல்சி கேபிளோட சீரியல் கன்வெர்ட்டரை விட்டுடுச்சு. மொதல்ல காம் போர்ட் 3-க்குப் பதில் 5-னு வந்துச்சு, டிவைஸ் மேனேஜர்ல மாத்தினதும் பிஎல்சி ஆன்லைன் வந்துடுச்சு. 2 கோர் ஆக்கினதுல ஆமையும் கொஞ்சம் நடக்குது. விஎம் ஃபோல்டர் முழுசும் ஐடி சர்வர்ல ஒரு காப்பி இருக்கு.

அந்த 2022 ஸ்னாப்ஷாட்டை இப்போ டிலீட் பண்ணலாமா?

கிண்டி சர்வர் ரூம்
பண்ணலாம், ரெண்டும் ஒண்ணா சேரும். டிஸ்க்ல தாராளமா இடம் வேணும், நேரமும் ஆகும். நடுவுல லேப்டாப்பை மூடிடாதீங்க.

அம்பத்தூர் மெயின்டனன்ஸ்
சார்ஜர் மாட்டி, ஞாயித்துக்கிழமை பண்றேன் சார்.