மறு: எரர் கோடு – பழுதெண்ணா, அறிகுறியெண்ணா?

வணக்கம்.

ஓட்டுநர் கையேட்டுச் சொற்பட்டியலில் இழுபறியாக நிற்பது இது ஒன்றுதான். என்ஜின் கணினி தன் நினைவில் போட்டுவைக்கும் ஐந்து இடக் குறியீடு: பி0171, பி0301, பி0420 போல. பட்டறையில் 'எரர் கோடு' என்கிறார்கள். இதுவரை வந்தவை பழுதுக் குறியீடு, பிழைக்குறி, கோளாறு எண், பழுதெண். என் ஓட்டு 'பழுதெண்'ணுக்கு. சின்னச் சொல்; 'பழுதெண் எடு', 'பழுதெண் அழி' என்று வாயில் நிற்கிறது. 'பிழை'யைக் கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள், அது வேண்டாம்.

———

> என் ஓட்டு 'பழுதெண்'ணுக்கு.

ஐயா, சொல் கச்சிதம், பொருள்தான் இடிக்கிறது. அந்த எண் பழுதைச் சொல்வதில்லை. கணினி கண்டதை மட்டும் சொல்கிறது.

பி0171-ஐப் பாருங்கள். கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று பொருள். புகையில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதாகச் சென்சார் சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், கூட்டக்கூடிய எல்லையைத் தொட்டதும் இதைப் போடுகிறது. 'பழுதெண்' என்று படிக்கிறவர் முதலில் கழற்றுவது ஆக்சிஜன் சென்சாரை. அதுவோ உண்மையைத்தான் சொன்னது! புதுசு மாட்டினாலும் சில நாளில் அதே எண் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது வேறு. கணினியில் மாட்டி எண்களைப் படிக்கும் ஸ்கேனரில், எரிபொருள் திருத்தம் (கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும் அளவு) இரண்டையும், உடனடியானதையும் நீண்டகாலத்ததையும், கூட்டிப் பார்க்க வேண்டும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது) +20 சதவீதம் தாண்டி, நிமிடத்துக்கு 2500 சுற்றில் +5 பக்கம் இறங்கினால் காற்று திருட்டு வழியில் நுழைகிறது: வெடித்த வேக்குவம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், பிசிவி குழாய். ஐடிலில் ஒழுங்காக இருந்து, மேடேறும்போது எகிறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றளவு சென்சாரில் அழுக்கு. முன்னதென்றால் ஃபில்டரும் பம்ப் அழுத்தமும் பார்க்க வேண்டும்.

ஒரே எண், நாலைந்து பழுது. இதற்கு உடம்புக்கு நாம் சொல்லும் சொல்லே இருக்கிறது: அறிகுறி. 'அறிகுறியெண்' என்று வைக்கலாமே.

———

எல்லா எண்ணும் அப்படியா? பி0335 கிராங்க் சென்சாரை (என்ஜின் சுழற்சியைக் கணிப்பது) பெயர் சொல்லியே காட்டுகிறதே. அங்கே பழுதெண் பொருந்தும். இன்னொன்று, எழுத்தில் தொடங்குவதை 'எண்' என்பது சரியா?

———

பி0335 சொல்வது சென்சாரை அல்ல, சென்சாரின் மின்சுற்றை. வயரை எலி கடித்திருக்கலாம், கப்ளர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம், சென்சாரே போயிருக்கலாம். மூன்றுக்கும் அதே எண். ஆகவே இதுவும் அறிகுறிதான். ஓட்டலாமா என்று கேட்டால், இதை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. ஓடும்போதே என்ஜின் அணையலாம். அணைந்தால் ஓரிரு மிதியிலேயே பிரேக் பெடல் கல்லாகும், பல வண்டிகளில் ஸ்டியரிங்கும் கனக்கும்.

'எண்' பற்றி: வண்டிப் பதிவெண்ணிலும் எழுத்து இருக்கிறது. யாரும் இதுவரை வழக்குப் போடவில்லை.

ஆனால் எழுத்தில் வேறு சிக்கல் உண்டு. என்ஜின்–கியர் வகைக்கும் உடற்பகுதி வகைக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்து. தமிழில் இரண்டும் 'பி'. ஏர்பேக் எண்ணை என்ஜின் எண்ணாகப் படித்துவிட்டால் வம்பு. இந்தக் கடிதங்களில் வரும் 'பி' எல்லாம் என்ஜின்–கியர் வகை. கையேட்டில் மட்டும் ஸ்கேனர் திரையில் தெரியும் எழுத்தையே அச்சிட வேண்டும். தனித்தமிழ்ப் பிடிவாதம் இங்கே உதவாது.

———

அறிகுறியெண்ணுக்கு நானும் சம்மதம். அதோடு ஒட்டிய மூன்று சொற்களையும் முடித்துவிடுவோம்.

பட்டியலில் 'பெண்டிங் கோடு'க்கு 'நிலுவைக் குறியீடு' என்று இருப்பது தவறு. நிலுவை என்றால் கட்டாத பாக்கி. இங்கே நடப்பது என்ன? கணினி ஒரு ஓட்டத்தில் கோளாறைக் கண்டதும் எண்ணைத் தற்காலிகமாகக் குறித்துக்கொள்கிறது. அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான், பெரும்பாலான எண்களுக்கு, விளக்கை ஏற்றுகிறது. ஆக முதலாவது 'ஐய எண்', இரண்டாவது 'உறுதி எண்'. கோளாறு தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தென்படாவிட்டால் விளக்கு தானே அணையும்; எண் மட்டும் சுமார் 40 முறை என்ஜின் சூடேறி ஆறும்வரை நினைவில் இருக்கும். விளக்கு அணைந்த வண்டியையும் ஸ்கேன் செய்யச் சொல்வது இதனால்தான்.

'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பதை 'உறைசட்டகம்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். ஐஸ்பெட்டி நினைவுதான் வருகிறது. எண் விழுந்த நொடியின் வேகம், சுற்று, கூலன்ட் சூடு, லோடு எல்லாம் பதிவாவது அது, 'கணப்பதிவு' போதும். எண்ணை அழித்தால் கணப்பதிவும் போய்விடும், ஆகவே அழிக்குமுன் படம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டும் வித்தையிலும் பல வண்டிகளில் இதே நஷ்டம். கூடவே கணினி கற்றுவைத்த திருத்தங்களும் தன்சோதனை முடிவுகளும் போகும்.

———

> விளக்கை ஏற்றுகிறது.

எந்த விளக்கை? இங்கேதான் ஓட்டுநர் ஏமாறுகிறார். மஞ்சள் என்ஜின் விளக்கு மாசுச் சட்டத்தின் குழந்தை. ஓபிடி-2 எனும் வண்டியின் தன்சோதனை முறை அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், இந்தியாவில் 2013 ஏப்ரல் முதலும் கட்டாயம். அதற்காக 'மாசு விளக்கு' என்று பெயர் வைத்தால் ஒருவரும் மதிக்க மாட்டார்; 'என்ஜின் விளக்கு' என்றே இருக்கட்டும். ஆனால் சிவப்பு ஆயில் விளக்கு இதன் உறவே அல்ல. பல வண்டிகளில் அது பிளாக்கில் மாட்டிய ஒரு பிரஷர் சுவிட்ச், அவ்வளவுதான். எரிந்தாலும் ஸ்கேனரில் அறிகுறியெண் ஒன்றும் இருக்காது. 'கோடு இல்லையே, போகலாம்' என்று இன்னும் 2 கிலோமீட்டர் ஓட்டினால் பேரிங் உரசி என்ஜினே இறுகிவிடலாம். சிவப்பில் ஆயில் அல்லது வெப்பம் எரிந்தால் ஓரங்கட்டி உடனே அணைக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மஞ்சள் நின்று எரிந்து, இழுவை, வெப்பமுள், சத்தம் எல்லாம் வழக்கம்போல் இருந்தால் ஓரிரு நாளில் பட்டறைக்குப் போனால் போதும். பி0420 (புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டின் திறன் குறைவு) யாரையும் நடுரோட்டில் விடாது. பி0455 (பெட்ரோல் ஆவிக் கசிவு) என்றால் முதலில் பெட்ரோல் மூடியை 'டிக்' கேட்கும்வரை முறுக்குங்கள்.

மஞ்சள் அணைந்து அணைந்து எரிந்தால் கதை வேறு. சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகிறது; பட்டறையில் 'மிஸ்ஸிங்' என்பார்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0300 என்றால் இன்னது என்று சொல்ல முடியாமல் பலவற்றில். எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்டுக்குள் போய் எரிகிறது. சூடு அளவுமீறி ஏறினால் அதன் தேன்கூட்டுப் பீங்கான் உருகிப் புகைவழியை அடைக்கும். ஆக்சிலரேட்டரை உடனே தளர்த்துங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஓட்டக் கூடாது, இழுத்துப் போக வேண்டும்.

சோதனை எளிது. என்ஜின் ஆறியதும், சாவியை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை (பிளக்கில் பொறி விழ மின்சாரம் தருவது) இரண்டாவதுக்கும் இரண்டாவதை முதலுக்கும் மாற்றுங்கள். கணப்பதிவைக் குறித்துக்கொண்டு எண்ணை அழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். பி0302 வந்தால் காயில்தான். பி0301-ஆகவே நின்றால் பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரெஷன்.

———

பழுதெண்ணை விட்டுக்கொடுக்கிறேன். பட்டியலில் அறிகுறியெண், ஐய எண், உறுதி எண், கணப்பதிவு, என்ஜின் விளக்கு என்று திருத்திவிட்டேன். அறிகுறியெண்ணுக்குப் பக்கத்தில் 'எரர் கோடு' என்றும் போட்டிருக்கிறேன், பட்டறையில் கேட்கத் தெரிய வேண்டுமே.

மிச்சம் இருப்பது 'மிஸ்ஸிங்'. பட்டியலில் 'பொறித்தவறு' என்று இருக்கிறது. மேலே நண்பர் சொன்னபடி, பொறி நன்றாக விழுந்தும் இன்ஜெக்டர் அடைத்தால் அதே பி0301 வரும். ஆகவே அதுவும் பழுதெண் செய்த அதே தப்பைச் செய்கிறது. 'எரிதவறு' என்று தற்காலிகமாக மாற்றியிருக்கிறேன். இதைவிட நாவில் புரள்வது இருந்தால் எழுதுங்கள்.