விரால் அடிக்குது, முள்ளில் ஏறலை: ராடா, நரம்பா, தவளையா, எதை மாத்தணும்?

பேட்டை தூண்டில் கேட்டது:

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் கோடகன் கால் (வாய்க்கால்) பாசனக் குளங்கள்ல விராலுக்கு ரப்பர் தவளை (மிதக்குற பொய் இரை) போடுறேன். 7 அடி மீடியம் ராடு, 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 0.35 மி.மீ. நைலான் நரம்பு, 12 கிராம் தவளை. அமலையும் (ஆகாயத்தாமரை) தாமரையும் மண்டிக் கிடக்குற குளங்கள்தான்.

பிரச்சினை ரெண்டு. தவளை மேல மீன் அடிக்கிற சத்தம் நல்லாவே கேக்குது, சுண்டுனா வெறுந்தவளைதான் பறந்து வருது. பாதிக்கு மேல இப்படித்தான் போகுது. ஏறுற மீனும் உடனே அமலைக்குள்ள தலையைக் கொடுத்துடுது, அப்புறம் நரம்பு அறுந்துடும், இல்லன்னா முள் கழண்டுடும்.

கையில ஐயாயிரத்துக்குள்ளதான் இருக்கு. முதல்ல எதை மாத்தணும்? லீடர் (நுனியில கட்டுற தனி நரம்புத் துண்டு) கட்டணுமா? தவளையில ஏதாவது கைவேலை பாக்கணுமா?

முக்கூடல் ரீல் பதில்:

தம்பி, முதலில் மாற்ற வேண்டியது நரம்பு. அடுத்தது ராடு. ரீல் அப்படியே இருக்கட்டும்.

நைலான் இழுபடும். மிதப்புக் கட்டிக் கெண்டை பிடிக்க அது நல்லது, சின்ன முள் வாயைக் கிழிக்காமல் தாங்கும். தவளையில் அதுவே வினை. 20 மீட்டர் தள்ளி மீன் கவ்வும்போது நீங்கள் சுண்டுகிற வேகத்தில் பெரும்பகுதியை நரம்பின் நீட்சியே தின்றுவிடுகிறது. தவளையில் இருப்பது தடித்த இரட்டை முள். விரால் வாயோ எலும்பும் கெட்டித் தோலும். அதில் தடித்த முள் இறங்க வேண்டுமென்றால் விசை முழுசாகப் போய்ச் சேரணும். அதற்குப் பிரெய்டு (நீளாத பின்னல் நரம்பு) வேண்டும்.

40 பவுண்டு தாங்கும் பிரெய்டு எடுங்கள். அமலை ரொம்ப அடர்த்தி என்றால் 50. நான்கு இழை போதும். எட்டு இழை வழவழப்பாக, சத்தமில்லாமல் ஓடும், தூரமும் போகும். நான்கு இழை சொரசொரப்பாக இருப்பதால் தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டு வரும். உங்கள் குளத்துக்கு அதுதான் தோது.

ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) நேராகப் பிரெய்டைச் சுற்றாதீர்கள். வழுவழு உலோகத்தில் பிடிமானம் இருக்காது, பெரிய மீன் இழுக்கும்போது சுற்றிய நரம்பு முழுவதும் ஸ்பூலோடு ஒட்டாமல் வழுக்கிச் சுழலும். டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) கெட்டுப்போச்சு என்று ரீலைக் கழற்றுகிறவர்கள் பலர், காரணம் இதுதான். அடியில் ஐந்தாறு மீட்டர் பழைய நைலான் சுற்றி, டபுள் யூனி முடிச்சால் இணைத்து, மேலே பிரெய்டை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்துச் சுற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்திவிடணும். தவளை ஓட்டும்போது நரம்பு தொய்வாகத்தான் வரும், தொய்வாகச் சுற்றியது அடுத்த வீச்சில் கொத்தாகக் கழன்று சிக்காகும். அதைத் தடுக்க, வீசியதும் பெயிலை (ஸ்பூலுக்கு மேல் நரம்பைப் பிடிக்கும் கம்பி வளைவு) கைப்பிடி சுற்றி மூடாமல் கையால் மூடி, ஒரு தடவை நரம்பை விரலால் இழுத்து இறுக்கிவிட்டு ஓட்ட ஆரம்பியுங்கள்.

ராடு: 6 அடி 6 அங்குலம் முதல் 7 அடி வரை, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன். நுனிக் கால்பங்கு மட்டும் வளைந்து, நடுவும் அடியும் விறைப்பாக நிற்கணும். மீடியம் ராடு நடுவரை வளைந்துகொடுக்கும். மீனின் தலையை மேலே தூக்க வேண்டிய அந்த ரெண்டு விநாடியில் ராடு வளைந்து முடிவதற்குள் மீன் அமலைக்குள் போய்விடும். உங்கள் ரெண்டாவது பிரச்சினைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி டிராக். விரலால் இழுத்துப் பார்த்து வைக்கிற டிராக் நம்ப முடியாது. கொக்கித் தராசு ஒன்றை நரம்பு நுனியில் மாட்டி, ராடைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள். 40 பவுண்டு என்பது சுமார் 18 கிலோ. அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது நாலரைக் கிலோவில் ஸ்பூல் நகர ஆரம்பிக்கணும். செடி இல்லாத திறந்த தண்ணியில் இவ்வளவு தேவையில்லை. செடிக்குள் இதற்குக் குறைந்தால் மீன் உங்களை இழுக்கும்.

இவ்வளவு இறுக்கியதும் அடுத்து காட்டிக்கொடுப்பது தவளையின் முள். விலை மலிந்த தவளைகளில் மெல்லிய கம்பி முள் வரும், நாலு கிலோ இழுப்பில் விரிந்துவிடும். உடம்பு நன்றாக இருந்தால் முள்ளை மட்டும் கழற்றி, 3/0 அல்லது 4/0 தடித்த இரட்டை முள் போடுங்கள்.

தவளைக் கைவேலை என்று கேட்டீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உடம்பை அமுக்குங்கள். லேசான அமுக்கலிலேயே ரெண்டு முனையும் மேலே துருத்தணும். துருத்தவில்லை என்றால் மீன் கவ்வினாலும் அதே கதைதான், வாய்க்குள் முள் வெளியே வராது. வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டுப் பிசைந்தால் ரப்பர் கொஞ்சம் இளகும். அப்படியும் வரவில்லை என்றால் குறடால் முனைகளை 2 மி.மீ. அளவு மேல்நோக்கித் திருப்புங்கள். அதற்கு மேல் போனால் பாசியெல்லாம் மாட்டும், கம்பியும் பலமிழக்கும். கால் நார்கள் நீளமாக இருந்தால் மீன் வாலைத்தான் கவ்வும்; உடம்பு நீளத்துக்குச் சமமாக வெட்டிவிடுங்கள், ஒருபக்கம் சற்றுக் குட்டையாக இருந்தால் தவளை இடவலமாக நன்றாக ஆடும். முனை மழுங்கியதா என்று நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் தீட்டணும், குத்தி நின்றால் சரி.

லீடர்: அடர்ந்த செடியில் வேண்டாம், பலோமர் முடிச்சால் பிரெய்டையே தவளையில் கட்டுங்கள். இணைப்பு முடிச்சு ஒவ்வொரு வீச்சுக்கும் பாசியை வாரிக்கொண்டு வரும். கல்லும் உடைமர வேரும் உள்ள கரையில் மட்டும் 50 பவுண்டு நைலான் அரை மீட்டர். விரால் பல்லில் உரசி கடைசி ஒரு சாண் பிரெய்டு பஞ்சுபோலப் பிசிறும், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்து வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

பிசானம் பதில்:

முக்கூடல் அண்ணாச்சி சாமானைச் சொல்லிட்டார். நான் மீனைப் பத்திச் சொல்றேன், ஏன்னா தவறுற அடியில பாதி, சுண்டுற நேரத்துலதான் தவறுது.

சத்தம் கேட்டதும் சுண்டக்கூடாது. விரால் தவளையைக் கடிக்கிறதில்ல, தண்ணியோட சேத்து உறிஞ்சுது. செடிக்கு அடியிலிருந்து வரும்போது ஒரு இலை குறுக்க இருந்தாலே குறி தப்பும். சத்தம் கேட்டதும் ராடு நுனியைத் தண்ணிப் பக்கம் இறக்குங்க, தொய்வைச் சுத்தி எடுங்க, நரம்பு நகருதா, கனம் தெரியுதான்னு பாருங்க. கனம் கையில தெரிஞ்சதும் மேல் நோக்கிப் பலமா ஒரே சுண்டு. இதுக்கெல்லாம் ஒன்றரை, ரெண்டு விநாடி ஆகும். சுண்டினதுக்கு அப்புறம் ராடை இறக்கவே கூடாது, தலை மேலயே இருக்கணும், வேகமாச் சுத்தி செடி மேலயே சறுக்கிக் கொண்டுவாங்க. தண்ணிக்குள்ள விட்டு விளையாட்டுக் காட்டுறது இந்த மீனுக்குச் சரிவராது.

அடிச்சுத் தப்பின மீன் அநேகமா அங்கயேதான் இருக்கும். தவளை மிதந்துக்கிட்டிருந்தா அசைக்காம பத்து விநாடி நிறுத்தி, லேசா ஒரு துடிப்பு கொடுங்க. திரும்ப வரலைன்னா, அந்த இடத்துக்கு ஒரு மீட்டர் அப்பால வீசி அதே வழியா ஓட்டுங்க. நேரா அது தலை மேலயே போட்டா கலைஞ்சுரும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடி வருது, ஆனா ஒரு தடவையும் வாயில வாங்கலைன்னா ஓட்டுறதை நிறுத்திட்டுத் தண்ணியைப் பாருங்க. செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் பொரிஞ்ச மாதிரி மேல வந்து வந்து போகும். தாயும் தகப்பனும் காவல் நிக்குது. அது பசியில அடிக்கிற அடி இல்ல, விரட்டுறது; வாயைத் திறக்காமலேயே இடிக்கும். அந்தச் சோடியைப் பிடிச்சா கெண்டையும் குறவையும் அந்தக் குஞ்சு அத்தனையையும் ஒரு பொழுதுல முடிச்சுரும். மழைக்காலத்துல இப்படிக் கண்டா அந்த மூலையை விட்டு நகந்துருங்க. விரால் குளத்துல நிலைக்கணும்னு நினைக்கிறவன் இதைச் செய்யவே கூடாது.

இடம்: விரால் காத்துக் குடிக்கிற மீன். சில நிமிஷத்துக்கு ஒருக்கா மேல வந்து 'சளக்'னு ஒரு வாய் வாங்கிட்டுப் போகும். அந்த வளையத்தைக் கண்ணு வச்சு, அது போற திசைக்கு ரெண்டு மீட்டர் முன்னால வீசணும். ஐப்பசி, கார்த்திகையில மறுகால் பாயும்போது தண்ணி கலங்கல், மீனும் உள்வாய் முழுக்கச் சிதறிக் கிடக்கும், தவளைக்கு அவ்வளவாச் சரிவராது. தை, மாசியில தண்ணி தெளிஞ்சு அல்லி படர்ந்ததும் நல்ல காலம். பங்குனியிலிருந்து குளம் சுருங்கச் சுருங்க மடைக்குழிப் பக்கம் கூடும். வெயில் ஏறுனா அல்லி இலைக்கு அடியில நிழல்ல படுத்துக்கும், அதனால விடிஞ்சதுலருந்து எட்டரை மணி வரைக்கும், சாயங்காலம் நாலரைக்கு மேலயும் போங்க.

நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்கள் வேற கணக்கு. ஆத்துப் பாசனக் குளத்துல கார் சாகுபடிக்கும் தண்ணி வந்தா மீன் தொடர்ந்து இருக்கும். மானாவாரிக் குளம் வத்திப்போனா விரால் ஈரச்சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்து, அடுத்த மழைக்கு எழும்பும். வெறுங்குளமாக் கிடந்ததுல எப்படி மீன் வந்துச்சுன்னு ஆச்சரியப்பட வேண்டாம்.

பேட்டை தூண்டில்:

ரெண்டு அண்ணாச்சிக்கும் நன்றி. நாலு இழை 40 பவுண்டு வாங்கிடறேன். ஜம்ப் ஃபிராக்னு பின்னால தகடு சுத்துற சின்னத் தவளை விக்காங்களே, அதுக்கும் ரெண்டு விநாடி காத்திருக்கணுமா? செடி இல்லாத இடத்துல உயிர் இரை போடலாமா?

சீவலப்பேரி கசம் பதில்:

ஜம்ப் ஃபிராக்குக்குக் காத்திருக்கக் கூடாது. அது நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிற தவளை இல்லை, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே வருவது. மீன் பின்னாலிருந்து துரத்தி வந்து கவ்வும், நரம்பும் இறுக்கமாகவே இருக்கும், அநேகமாகத் தானே முள் ஏறிவிடும். பக்கவாட்டில் ஒரு இழுப்பு போதும். சுற்றுவதை நிறுத்தினால் முழுகிவிடும் என்பதால் தண்ணியைத் தொடும் முன்னாலேயே பெயிலை மூடி ராடைத் தூக்கிப் பிடிக்கணும். முள் சின்னது, கம்பி மெல்லியது. அதற்கு டிராக்கை இரண்டு, இரண்டரைக் கிலோவுக்கு இறக்குங்கள். நாலரைக் கிலோவில் வைத்தால் விரியும். கோரை ஓரம், வாய்க்கால், திட்டுத் திட்டாகச் செடி உள்ள இடம் இதற்கு ஏற்றது. அமலைப் படுகை மேல் ஓட்ட முடியாது, தகடு ஒவ்வொரு வேரையும் பிடிக்கும்.

உயிர் இரைக்கு அந்த ராடே போதும். மூணு அங்குலக் கெண்டைக் குஞ்சை முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், முதுகெலும்புக்கு மேலே, தோலோடு தசையைக் கொஞ்சம் பிடித்துக் குத்துங்கள். எலும்பில் பட்டால் குஞ்சு உடனே செத்துவிடும். 1/0 முள், ஒன்றரை அடி ஆழத்துக்குத் தக்கை, தக்கைக்குக் கீழே குஞ்சு இழுத்துக்கொண்டு மேலே வராத அளவுக்கு மட்டும் ஈயம். தக்கை முழுகி, பக்கவாட்டில் சீராக நகர ஆரம்பித்த பிறகு சுண்டுங்கள். ரொம்ப நேரம் விட்டால் முள்ளை வயிறு வரை விழுங்கிவிடும், அந்த மீனைத் திரும்ப விட முடியாது. குறவைக்கு இவ்வளவு வேலை இல்லை: 6-ஆம் நம்பர் முள், மண்புழு, மூங்கில் கம்பு, தங்கூசி. உயிர்த்தவளை வேண்டாம். வயலில் பூச்சியைத் தின்கிற ஜீவன் அது, ரப்பரே அதன் வேலையைச் செய்கிறது.

ஆற்றுக் கசங்களில் (ஆழமான மடுக்களில்) வாளை உண்டு. அதன் பல் வரிசை பிரெய்டை ஒரே இழுப்பில் சீவிவிடும், ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டாமல் போடக்கூடாது. ஆனால் வாளை எல்லா இடத்திலும் அருகி வருகிற மீன், பிடித்தால் விடுங்கள் என்றுதான் சொல்வேன். தாமிரபரணியில் மணல் அள்ளிய குழிகள் வெளியே தெரியாது, முழங்கால் தண்ணியிலிருந்து அடுத்த அடியில் ஆள் ஆழம். இறங்கி நின்று வீசாதீர்கள். பாபநாசம் அணையில் திறப்பு கூடினால் வெயில் அடிக்கும்போதே ஆற்றில் மட்டம் ஏறும்.

மண்புழுவுக்குத் தேளியும் வரும். மீசை உள்ள அந்த மீனைக் கையால் பிடித்துவிடாதீர்கள், இரண்டு பக்கத் துடுப்பிலும் விஷமுள். குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது கையை வைத்திருங்கள், அந்த விஷம் சூட்டில் முறியும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிதான், டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளணும்.

பிசானம்:

அனுமதி விஷயம் யாரும் சொல்லலை. பெரும்பாலான குளத்துல மீன் பாசி (மீன் பிடிக்கிற உரிமை) ஏலம் போயிருக்கும், கரையில நிக்கிறவர்கிட்ட குத்தகைதாரர் யாருன்னு கேட்டு, அவரைப் பாத்துப் பேசிட்டு இறங்குங்க. கட்லா, ரோகு குஞ்சு விட்ட குளத்துல விராலை எடுக்கச் சம்மதிக்கிறவங்க இருக்காங்க, கேக்காமப் போனா மட்டும்தான் சண்டை. 1988-ல புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக்குள்ள எந்தத் தண்ணியிலயும் தூண்டில் போடக்கூடாது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், அங்கயும் கிடையாது. பாபநாசம் கோயில் படித்துறை மீன், சனங்க பொரி போட்டு வளக்குறது, அந்தப் பக்கம் ராடே எடுக்க வேண்டாம். வெடி, விஷம் வைக்கிறது 1897 மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். யாராவது செய்யுறதைக் கண்டா குத்தகைதாரருக்கு உடனே சொல்லுங்க.

கரையில வீசும்போது தலைக்கு மேல மின்கம்பி போகுதான்னு பாருங்க. கார்பன் ராடுல கரண்டு பாயும். இடி இடிச்சா ராடைக் கீழ போட்டுட்டு விலகிரணும்.

முக்கூடல் ரீல்:

விட நினைக்கிற மீனுக்கு முள் செதிலை (முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கூர்) குறடால் முன்னமே நசுக்கிவிடுங்கள். பிரெய்டு தொய்யாமல் இருந்தால் செதில் இல்லாமலும் மீன் நிற்கும், உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும். விரால் வெளிக்காற்றில் வெகுநேரம் உயிரோடு இருக்கும் என்பதால் சூடான கல்லில் போட்டுப் படம் எடுக்கிறார்கள். மேல் வழுவழுப்பு போனால் பிறகு புண் வைக்கும். கையை நனைத்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்து விடுங்கள்.

தவளையைப் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை பிதுக்கி உள்ளே போன தண்ணியை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் வால் தாழ்ந்து மிதக்கும், முள் முனை தண்ணிக்குள் போய் பாசியை வாரும். முள் நுழையும் ஓட்டை பெரிதாகியிருந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு சூப்பர் குளூ. ரப்பர் தவளையையும் மென்பிளாஸ்டிக் புழுவையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், ஒன்றையொன்று உருக்கி ஒட்டிக்கொள்ளும். பைக் டேங்க் மேல் வெயிலில் வைத்தாலும் ரப்பர் விறைத்துப்போகும், அப்புறம் அந்த அமுக்குச் சோதனையில் தேறாது.