எரிக் வில்லியம்ஸ்: வரலாற்று வாத்தியார் எப்படிப் பிரதமர் ஆனார்?

முனிர்க்கா வாசகன்:
வணக்கம். ஆர்.கே.புரத்தில் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் பேசுகிறோம், இந்த முறை எரிக் வில்லியம்ஸின் 'முதலாளித்துவமும் அடிமை முறையும்' என் பங்குக்கு வந்திருக்கிறது. அடிமை வியாபார லாபம் இங்கிலாந்தின் தொழில் வளர்ச்சிக்கு முதலாகப் போனது, அடிமை முறை ஒழிந்ததற்கு மனிதாபிமானத்தைவிடச் சர்க்கரைத் தீவுகளின் வருமானம் சரிந்ததுதான் பெரிய காரணம் என்று 1944-லேயே எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1962-ல் விடுதலை அடைந்த கரீபியன் தீவு நாடான டிரினிடாட் டொபாகோவின் முதல் பிரதமர், 1981-ல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். நூலகத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓட்டுக் கேட்க வந்தது எப்படி?

கரோல்பாக் பழையவர்:
தம்பி, வேலை போனதுதான் ஆரம்பம். அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் சின்ன உத்தியோகம். பையன் ஸ்காலர்ஷிப்பில் ஆக்ஸ்போர்டு போய் 1938-ல் டாக்டர் பட்டம் வாங்கி, வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, அப்புறம் கரீபியன் கமிஷனில் சேர்ந்தார், அந்தப் பகுதியை ஆண்ட காலனி அரசுகள் சேர்ந்து நடத்திய ஆலோசனை அமைப்பு அது. அங்கே காலனி அரசுகள் வைத்ததுதான் சட்டம். 1955-ல் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஜூன் 21 அன்று டிரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வுட்ஃபோர்டு சதுக்கத்தில் நின்று தனக்கும் கமிஷனுக்கும் நடந்ததை ஜனங்களிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். நம் மெரினா கூட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேச்சில் அடிமை முறையும் அரசியல் சட்டமும் கரும்பு விலையும் பாடமாக வரும், அதை வேலை முடிந்து வந்தவர்கள் நின்றுகொண்டே கேட்பார்கள். அந்த இடத்துக்கு 'வுட்ஃபோர்டு சதுக்கப் பல்கலைக்கழகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1956 ஜனவரியில் சொந்தக் கட்சி, செப்டம்பர் தேர்தலில் 24 இடங்களில் 13. எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான், படித்ததை ஜனங்களுக்குப் புரியாது என்று அவர் பூட்டி வைக்கவில்லை.

ஆர்.கே.புரம் அக்கா:
சார் சொன்னது சரி, ஆனால் நம் ஆட்களையும் பேச வேண்டும். 1845 முதல் 1917 வரை சுமார் 1,43,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன வடக்கத்தியர்கள், மதராஸிலிருந்து கப்பல் ஏறியவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுபோன காளி வழிபாட்டில் 'மதராசி' என்ற பெயர் இன்றும் ஒட்டியிருக்கிறது. அடிமைகள் விட்டுப்போன கரும்புத் தோட்டத்துக்குத்தான் இவர்களை இறக்கினார்கள், அந்தக் கணக்கு வில்லியம்ஸுக்குத் தெரியாததா? ஆனாலும் 1958-ல் பிரிட்டிஷ் கரீபியன் தீவுகள் பல சேர்ந்த கூட்டமைப்பின் தேர்தலில் தன் கட்சி பின்தங்கியதும், மேடையிலேயே இந்தியர்களைப் பகைமை பிடித்த, முரண்டு பிடிக்கும் சிறுபான்மை என்ற பொருளில் பேசினார். இதை என்னால் லேசாக விட முடியவில்லை. விடுதலை நாளுக்கென்று அவரே எழுதிய 1962 வரலாற்று நூலில் தாய் இந்தியாவும் கிடையாது, தாய் ஆப்பிரிக்காவும் கிடையாது, எல்லோருக்கும் தாய் டிரினிடாட்தான் என்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு வருடம் முன்னால் அந்தப் பேச்சைக் கேட்ட குடும்பம் இதை எப்படிப் படித்திருக்கும்?

கரோல்பாக் பழையவர்:
ஒத்துக்கொள்கிறேன் அம்மா. 1970-ல் கறுப்பின இளைஞர்களே அவருக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள், நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டி வந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

முனிர்க்கா வாசகன்:
நன்றி சார், நன்றி அக்கா. வுட்ஃபோர்டு சதுக்கத்தில் தொடங்கி, 1958 பேச்சில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். அக்கா, அந்த 1962 நூல் உங்களிடம் இருந்தால் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாமா?