ஆலயத்தில் வாய்விட்டுச் சிரித்த நாள்

தேரிக்காட்டான்:

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலய முற்றத்தில் ஏலம் தொடங்கிவிடும். வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, கால் கட்டிய சேவல் என்று காணிக்கைகள் குவிந்து கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி ஒற்றை முட்டையைக் கொண்டுவந்து வைத்தார். 10 ரூபாயில் ஏலம் தொடங்கியது. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு முட்டையைத் திரும்ப ஆலயத்துக்கே கொடுத்தார். மறுபடி ஏலம். இப்படியே ஆறு கை மாறியது. கடைசியில் எங்கள் ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்), "இனியும் தாமதித்தால் குஞ்சு பொரித்துவிடும், எனக்கே கொடுங்கள்" என்று 300 ரூபாய்க்கு எடுத்தார். முற்றமே அதிர்ந்தது. பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த முட்டை மட்டும் 1,100 ரூபாய் சேர்த்தது. எந்தத் தார் என்ன விலைக்குப் போனது என்று இன்று ஒருவருக்கும் நினைவில்லை.

உங்கள் சபைகளில் நடந்ததையும் சொல்லுங்கள்.

பழைய பீடச்சிறுவன்:

சிறுவயதில் பூசையில் சிரித்தால் அம்மா தொடையில் கிள்ளுவார். அந்தப் பயம் வளர்ந்த பிறகும் போகவில்லை. ஒரு மே 26 அன்று, புனித பிலிப்பு நேரியின் திருநாள். 16ஆம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்தவர். மக்கள் தம்மைப் புனிதர் என்று கொண்டாடுவது பிடிக்காமல், தாடியைப் பாதி மட்டும் மழித்துக்கொண்டு நடமாடியவர். பங்குத் தந்தை மறையுரையில் இதைச் சொன்னதும் முன்வரிசைச் சிறுவன் ஒருவன், "மீதியை எப்போது எடுத்தார், சாமி?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். சாமிக்குச் சிரிப்பு வந்து பேச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மதுரை ஆசிரியை:

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு வேதாகமத்தில் வரும் ஆபிரகாம், சாராள் தம்பதியின் கதையை நாடகமாகப் போட்டோம். சாராளாக நடிக்க 78 வயது அக்கா ஒருவரைக் கேட்டேன். கணவர் இறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஆராதனைக்கு வருவார், கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அவரைக் கேட்டது சரிதானா என்று விழா நாள் வரை எனக்குக் கலக்கம்.

கூடாரத்து வாசலுக்குப் பின்னால் நின்று, முதிர்ந்த வயதில் பிள்ளை பிறக்கும் என்ற வாக்கைக் கேட்டுச் சாராள் தனக்குள்ளே நகைக்க வேண்டும். அக்கா மெல்லத்தான் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், திரை அவிழ்ந்து ஆபிரகாமின் தலையில் விழுந்தது. சணல் தாடியோடு அவர் உள்ளே தடவிக்கொண்டிருக்க, அக்கா இன்னும் பலமாகச் சிரித்தார். சபை முழுவதும் அவரோடு சேர்ந்துகொண்டது. சாராளுக்குப் பிறந்த பிள்ளையின் ஈசாக்கு என்ற பெயருக்கே நகைப்பு என்றுதான் பொருள். பிறகு அக்கா தம் கடைசி வசனத்தைச் சொன்னார்: "தேவன் என்னை நகைக்கப் பண்ணினார், இதைக் கேட்கிற யாவரும் என்னோடேகூட நகைப்பார்கள்." மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குரலாக அது இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அவருடைய மகள் அழுதுவிட்டாள். அப்பா போன பிறகு அம்மா சிரித்து இன்றுதான் கேட்கிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேடத்துக்குக் கட்டிய சேலையை மடித்துக் கொடுக்கும்போது அக்கா சொன்னார்: "அடுத்த வருடமும் சாராள் எனக்குத்தான். வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே."