மலையகத்தில் வண்டியிலேயே குடியிருக்க: ஹைஏஸா, ரோசாவா, கூடு கட்டிய லொறியா?

தையல்காரி, பண்டாரவளை

வணக்கம். சித்திரைக்குப் பிறகு வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டு, நானும் கணவரும் வண்டியிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கத் தீர்மானித்திருக்கிறோம். ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக அல்ல. அவர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர், நான் பாடசாலைச் சீருடை தைப்பவள். வேலை முழுவதும் ஹப்புத்தளை முதல் தலவாக்கலை, மஸ்கெலியா வரை தேயிலைத் தோட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. இயந்திரத் தலையைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி இறக்குவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. மகள் பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் இருப்பதால் வண்டியில் நாங்கள் இருவர் மட்டுமே.

இணையத்தில் தேடினால் அமெரிக்கர்களின் வீட்டு வண்டிகளுக்கான ஏ, பி, சி வகுப்புகளைப் பற்றித்தான் வருகிறது. பஸ் அளவு, வேன் அளவு, லொறிச் சட்டத்தில் கட்டிய வீடு என்று அவற்றைப் புரிந்துகொண்டேன். அதே வரிசையில் இங்கே எங்கள் கண்ணில் பட்டவை மூன்று: பழைய ரோசா பஸ், உயர்கூரை ஹைஏஸ் வேன், பத்தடிப் பெட்டியுள்ள எல்ஃப் லொறி. எனக்கு ரோசாவில்தான் மனம் நிற்கிறது, உள்ளே அவ்வளவு இடம் இருக்கிறது. கணவரின் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், இடுப்பு வலியும் உண்டு. அவரிடம் இருப்பது இலகு வாகன அனுமதிப்பத்திரம். மூன்றில் எது சரிவரும்?

கராஜ்காரர், ஹற்றன்

அக்கா, முதலில் அமெரிக்கக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். அவர்களுடைய ஏ வகுப்பு வண்டி எட்டரை அடி அகலம் வரை இருக்கும். அவர்கள் சாலையில் வலப்பக்கம் போவதால் வீட்டுக் கதவும் வலப்பக்கத்தில்தான் இருக்கும். இங்கே அந்தக் கதவைத் திறந்தால் எதிரே வரும் பஸ்ஸின் முன்னால்தான் இறங்க வேண்டும். மின்சாரமும் 120 வோல்ட். ஜப்பான் வண்டியில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. இழுகதவு இடப்பக்கம், அதாவது ஓரத்தில் இருக்கும்.

நீங்கள் சொன்ன மூன்றில் ரோசா ஏழு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம். பிரதான வீதியில் ஓடும். ஆனால் உங்கள் வேலை பிரதான வீதியில் இல்லையே! தோட்டத்துக் கொழுந்து லொறி போகும் பாதையில், மேல் பிரிவு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) திரும்பும் வளைவில், ஒரே வெட்டில் திரும்பாது. முன்னும் பின்னும் எடுத்துத் திருப்ப வேண்டும், அப்போது பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் நிற்கும். ஒடுக்கமான உடல் கொண்ட ஹைஏஸ் 4.7 மீற்றருக்குள், 1.7 மீற்றர் அகலத்துக்குள் அடங்கும், திரும்பும் ஆரை 5 மீற்றர்தான். அகல உடல் சுப்பர் லோங் வகையை வாங்கிவிடாதீர்கள். அது 5.38 மீற்றர் நீளம், ஆரையும் 6 மீற்றரைத் தாண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இலகு வாகன அனுமதிப்பத்திரம் மொத்த எடை 3,500 கிலோகிராமுக்குள், சாரதியோடு ஒன்பது இருக்கைக்குள் உள்ள வண்டிக்குத்தான் செல்லும். ரோசாவின் இருக்கைகளைக் கழற்றி எறிந்தாலும் பதிவுப் புத்தகத்தில் அது பஸ்தான். வகுப்பை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பஸ்ஸாக இருக்கும்வரை ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழும் எடுக்க வேண்டும். வேன் வாங்கினாலும் புத்தகத்தில் இரட்டைப் பயன்பாட்டு வாகனம் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முற்பணம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற பஸ் சாரதி, கம்பளை

தம்பி சொன்னது சரி. நான் இறக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன் மகள். எல்லாரும் மலை ஏறுமா என்றுதான் கேட்பார்கள், ஏறாத வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது 500 மீற்றருக்கும் கீழே வருகிறீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, மிதி பஞ்சாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். வீடாக்கிய வண்டியில் கட்டில், அலுமாரி, தண்ணீர், இயந்திரம் எல்லாம் எந்நேரமும் ஏறியே இருக்கும். பயணிகளைப் போல அவை நடுவழியில் இறங்கப்போவதில்லை. ஆகவே முழுப் பாரத்தோடு மலை இறங்கும் வண்டி என்று நினைத்தே தெரிவு செய்யுங்கள். நூறு லீற்றர் தண்ணீர் நூறு கிலோ. தாங்கியைத் தரையோடு, இரு அச்சுகளுக்கும் இடையில் வையுங்கள். கூரையில் வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயப் பார்க்கும்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், நம் பக்கம் ஈரத்துக்குக் குறைவே இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள்.

கூட்டு லொறிக்காரர், வெலிமடை

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன். மரக்கறி வியாபாரத்துக்காகப் பத்தடி எல்ஃப் வைத்திருக்கிறேன், பல இரவுகள் அதன் பெட்டிக்குள்ளேயே படுக்கிறேன். ஒடுக்கமான எல்ஃபின் நீள அகலம் ஏறத்தாழ ஹைஏஸ் அளவுதான். பெட்டி சதுரமாக இருப்பதால் ஓர் அங்குலம்கூட வீணாகாது. அண்ணன் நிமிர்ந்து நிற்கலாம். உயர்கூரை ஹைஏஸின் உள்ளுயரம் ஐந்தேகால் அடி அளவுதான், தரைக்குப் பலகை அடித்தால் அதிலும் குறையும். இடுப்பு வலிக்காரர் நாள் முழுக்கக் குனிந்து வாழ முடியுமா? அதை யோசியுங்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். ஆள் நிமிரும் உயரத்துக்குப் பெட்டி கட்டினால் வண்டி மூன்று மீற்றரை நெருங்கும். லயத்துக்குக் குறுக்கே போகும் மின்கம்பி, தாழ்ந்த சவுக்குக் கிளை எல்லாவற்றையும் பார்த்துத்தான் போக வேண்டும். ஆனி, ஆடியில் ஹப்புத்தளை இடைவெளியில் அடிக்கும் காற்றுக்கு உயரப் பெட்டி ஆடும். சாரதி அறைக்கும் பெட்டிக்கும் நடுவே வழியும் கிடையாது. இரவில் ஏதாவது தொல்லை என்றால் வெளியே இறங்கி ஓடித்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும்.

தையல்காரி, பண்டாரவளை

எல்லாருக்கும் நன்றி. ரோசாவை விட்டுவிட்டோம். இப்போது இழுபறி ஹைஏஸுக்கும் எல்ஃபுக்கும் இடையில்தான். இரவில் இறங்கி ஓட வேண்டும் என்றது என்னை யோசிக்க வைக்கிறது. இரண்டு கேள்விகள்: என் தையல் மேசை நான்கடி நீளம், வேனுக்குள் அடங்குமா? இயந்திரத்துக்கு மின்சாரம் எப்படி? சூரியத் தகடு போதுமா?

கராஜ்காரர், ஹற்றன்

ஒடுக்கமான ஹைஏஸின் உள்ளகலம் ஒன்றரை மீற்றர் அளவு. நான்கடி மேசை சாரதி இருக்கைக்குப் பின்னால் குறுக்காக உட்காரும், இடப்பக்கம் இழுகதவு. கதவைத் திறந்தால் வெளிச்சமும் கிடைக்கும், துணி கொண்டுவருபவர் வெளியே நின்றே கொடுத்து வாங்கலாம். மேசைக்கு அடியில் மின்கலம், அதன் பின்னால் நீளவாக்கில் கட்டில், கட்டிலுக்கு அடியில் துணிப் பெட்டிகள். நீங்கள் தைப்பதும் அண்ணன் இயந்திரம் பிரிப்பதும் உட்கார்ந்த வேலை. நிமிர்ந்து நிற்க வேண்டியது சமைக்கும்போது. அதற்குப் பின்கதவைத் தூக்கிவிட்டால் அதுவே தாழ்வாரம். இருபுறமும் தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் வெளியே நின்று சமைக்கலாம். கேஸ் கசிந்தால் காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும், ஆகவே சிலிண்டரும் படுக்கும் இடத்துக்குள் வராமல் இருப்பதே நல்லது.

மின்சாரத்தில் தகட்டை நம்பாதீர்கள். நானுஓயா, ஹற்றன் பக்கம் மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூடுபனி நிற்கும், அப்போது தகடு சொன்ன அளவில் சிறு பங்குதான் கொடுக்கும். வண்டி ஓடும்போது எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான அல்டர்னேட்டரிலிருந்து இரண்டாம் மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியைப் பிரதானமாக வையுங்கள், தகடு துணைக்கு இருக்கட்டும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம் என்றால் ஏறத்தாழ இரண்டரை யூனிட். உங்கள் இயந்திரத்தில் பழைய கிளட்ச் மோட்டார் இருந்தால் மாற்றுங்கள். அது தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும், தொடங்கும்போது மின்கல மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டரையும் உலுக்கும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும்.

இன்னொன்று அக்கா, இதைக் கட்டாயம் கேளுங்கள். சீருடைக்கு மடிப்பு வைக்கக் கரி ஸ்திரிக்கைப் பெட்டி பாவிப்பீர்கள். குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே அதை வைக்கவே கூடாது. கரி எரியும்போது வரும் புகைநஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

ஆசிரியை, கொஸ்லந்தை

சகோதரி, எல்லாரும் ஓடும் வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் வீடு பெரும்பாலான நேரம் நின்றுகொண்டுதான் இருக்கும். அது எங்கே நிற்கும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை லயங்களை மண் மூடியது எங்களுக்குப் பக்கத்தில்தான். அதனால் மழை என்றாலே நான் மேட்டைத்தான் பார்ப்பேன். வெட்டிய மண்மேட்டின் அடியிலும், ஓடைக்குக் குறுக்கே போட்ட பாலத்தின் அருகிலும், கட்டுமானம் இல்லாத பள்ளத்து விளிம்பிலும் இரவு நிறுத்தாதீர்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே இடம் மாறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். வீட்டையே கூட்டிக்கொண்டு போகக் கூடியவர்கள் நீங்கள். ஆகவே அந்த வசதி முழுமையாக இருக்கும் வண்டியைத்தான் நான் சொல்வேன். கட்டிலில் இருந்து எழுந்து நேரே ஸ்டியரிங்குக்குப் போகும் வழி வேண்டும்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மஸ்கெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் கொட்டும். அந்த மாதங்களில் வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் வேலை எடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் எங்கும் இடிமழை, அப்போது ஓட்டத்தைக் குறையுங்கள். டிசெம்பரிலிருந்து ஊவாவில், அதாவது வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் மழை. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் எந்தப் பக்கமும் போகலாம்.

தோட்டத்துக்குள் நிறுத்த முகாமையாளரின் அனுமதி வேண்டும், கோயில் முற்றம் என்றால் பரிபாலன சபையிடம் கேளுங்கள். உங்கள் வேலைக்குத் தேவை இருப்பதால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். கழிவறைப் பெட்டியை ஒருபோதும் ஓடையில் கவிழ்க்க வேண்டாம். மகாவலியும் களனியும் பிறக்கும் மலை இது, கீழே லயத்துப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் அது. முகவரிக்கு உறவினர் ஒருவர் வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பதிவு, கிராம சேவகர் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.

தையல்காரி, பண்டாரவளை

அம்மா, இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கணவரும் பக்கத்தில் இருந்து வாசித்தார். குனிவதைத் தாங்கிக்கொள்ளலாம், மழை இரவில் வெளியே இறங்கி ஓட முடியாது என்கிறார். ஒடுக்கமான உயர்கூரை ஹைஏஸ் என்று முடிவு செய்துவிட்டோம். ஹற்றன் தம்பி, வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கராஜ்காரர், ஹற்றன்

நல்ல முடிவு அக்கா. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ உள்ள டீசலாகப் பாருங்கள். நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவு குறைந்துவிடும், டேர்போ இல்லாத பழைய எஞ்சின் பாரத்தோடு திணறும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். பின்சக்கர வளைவின் உட்பக்கம், இழுகதவின் கீழ்த்தண்டவாளம், கூரைத் தண்ணீர்வடி ஆகிய மூன்று இடங்களிலும் துருவைத் தேடுங்கள். கரையோரத்தில் ஓடிய வண்டி என்றால் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்காமல் பேச்சையே தொடங்காதீர்கள். பிறகு பேரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இரண்டாம் கியரில் இறக்கி, கியர் தானாகக் கழலுகிறதா என்று பாருங்கள்.

அண்ணனை உள்ளே உட்காரவைத்து, படுக்கவைத்து, மேசை அளவுக்கு அட்டை வெட்டி வைத்துப் பாருங்கள். பலகை அடிப்பதற்கு முன் வண்டியை இங்கே கொண்டுவாருங்கள், பாரத்தை எங்கே வைப்பது என்று தரையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுத் தருகிறேன்.