புதுப்பிப்பு: பாட்டியின் மடிப் போர்வை ஒருவழியாக முடிந்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே: ஊட்டிக் குளிரில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு ஃப்ளீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்றிருக்கும் பாலியஸ்டர்) துணியில் மடிப் போர்வை தைத்தேன், ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது என்று.

மெஷினில் குறையில்லை, தப்பு என்னுடையது. பருத்திக்குப் போடும் ஊசியிலேயே, பொடித் தையலில், துணியை இழுத்து இழுத்துத் தைத்திருக்கிறேன். ஃப்ளீஸ் பின்னல் துணி, இழுத்தால் நீளும். மொத்தத்தையும் பிரித்துவிட்டு, முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி (90/14 அளவு) போட்டேன். தையல் நீளம் 3.5 மி.மீ. துணியைக் கையால் தாங்கிக்கொண்டேனே தவிர இழுக்கவில்லை. ஓரம் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது.

சுருக்கம் எடுக்கிறேன் என்று சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள். பாலியஸ்டர், உருகி ஒட்டிக்கொள்ளும். நல்லவேளை, நான் வைத்தது வெட்டி மீந்த துண்டில்.

அளவு கேட்டிருந்தீர்கள். முதலில் 60-க்கு 45 அங்குலம்; பக்கவாட்டில் தொங்கிச் சக்கரத்தில் மாட்டியது. இப்போது 36-க்கு 40. ஃப்ளீஸ் வெட்டினால் நூல் பிரியாது என்பதால் வெட்டிக் குறைப்பது சுலபம். வெட்டிய துண்டைக் கொண்டே போர்வையின் நடுவில் பெரிய பை ஒன்று வைத்தேன், குளிருக்குப் பாட்டி இரண்டு கையையும் நுழைத்துக்கொள்ளட்டும் என்று.

நேற்று பார்த்தால் அந்தப் பைக்குள் மூக்குக்கண்ணாடி, பாதி முறுக்கு, என் பையனிடமிருந்து ஒளித்த டி.வி. ரிமோட்.

"கை வைக்க இடமே இல்லையே பாட்டி?"

"அதுக்கு இன்னொண்ணு தைச்சுக் குடேன்டி."