சம்பளச்சீட்டு இணைப்பாகப் போகவில்லை: மெயில் கட்டளையில் சின்ன ஏ என்ன செய்கிறது?

கேள்வி

வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சிறிய கேட்டரிங் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். 38 பேர் வேலை செய்கிறார்கள், பாதிப் பேர் ஊரிலிருந்து வந்தவர்கள். சம்பளம் போட்டதும் ஒவ்வொருவருக்கும் சம்பளச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்புவேன். முன்பு இங்கிருந்த அண்ணன் அதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதி வைத்திருந்தார். பழைய கணினியில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இருந்தது. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டதால் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாறினோம். அதே ஸ்கிரிப்டை இங்கே ஓட்டினால் தலைப்பு தவறு என்று ஒரு வரி காட்டி நின்றுவிடுகிறது. ஸ்கிரிப்டில் இருப்பது இதுதான் (ஆங்கிலக் கட்டளையைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்):

மெயில் -எஸ் "சம்பளச்சீட்டு" -ஏ சீட்டு.பிடிஎஃப் முகவரி < கடிதம்.டெக்ஸ்ட்

ஏ ஆங்கிலச் சின்ன எழுத்துதான். அதை எடுத்துவிட்டால் கடிதம் மட்டும் ஒழுங்காகப் போகிறது. சம்பளம் நேற்றே கொடுத்தாகிவிட்டது, 3 வேலை நாட்களுக்குள் சீட்டு போயாக வேண்டும். யாராவது உதவுங்கள்.

பதில் 1

யூயூஎன்கோட் போட்டு, அதன் வெளியீட்டைக் குழாய் வழியாக மெயிலுக்குக் கொடுத்துப் பாருங்கள். நான் பல வருடம் அப்படித்தான் அனுப்பினேன், வேலை செய்யும்.

பதில் 2

யூயூஎன்கோட் வேண்டாம் தம்பி. அது கோப்பை எழுத்துகளாக மாற்றிக் கடிதத்தின் உடலிலேயே ஒட்டிவிடும். 1992-ல் மின்னஞ்சலில் கோப்பை இணைப்பதற்கான மைம் தரம் வருவதற்கு முன்பு வேறு வழி இல்லாததால் அப்படிச் செய்தார்கள். உங்கள் சமையல்காரர் ஃபோனில் திறந்தால் பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துதான் தெரியும்.

சிக்கல் இதுதான். மெயில் என்ற ஒரே பெயரில் பல நிரல்கள் இருக்கின்றன. சென்ட்ஓஎஸ் 7-ல் இருந்தது ஹெயர்லூம் மெயில்எக்ஸ். அதில் சின்ன ஏ என்றால் இணைப்பு. உபுண்டுவில் உங்களிடம் இருப்பது அநேகமாக ஜிஎன்யூ மெயில்யூட்டில்ஸ். அதில் சின்ன ஏ என்றால் கடிதத்தின் தலைப்புப் பகுதியில் (அனுப்புநர், பெறுநர் போன்ற விவரங்கள் இருக்கும் இடம்) ஒரு வரி சேர்ப்பது. கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி இல்லாததால் இது தலைப்பு வரியே அல்ல என்று நிறுத்திவிடுகிறது. அதற்கு இணைப்பு என்றால் பெரிய ஏ. ரீட்லிங்க் கட்டளையில் -எஃப் போட்டு மெயிலின் பாதையைக் கொடுங்கள், உண்மையில் எந்த நிரல் ஓடுகிறது என்று காட்டும். பிஎஸ்டி மெயில்எக்ஸ் என்று வந்தால் அதில் இணைப்பு வசதியே கிடையாது.

பெரிய ஏ போட்டால் இன்றைக்குப் போய்விடும். ஆனால் அடுத்த முறை கணினி மாறினால் இதே தலைவலி திரும்ப வரும். அதனால் மட் என்ற மின்னஞ்சல் நிரலை நிறுவிக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் அது ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்:

மட் -எஸ் "சம்பளச்சீட்டு" -ஏ சீட்டு.பிடிஎஃப் -- முகவரி < கடிதம்.டெக்ஸ்ட்

நடுவில் இருக்கும் இரட்டைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் முகவரியையும் இன்னொரு கோப்பு என்று நினைத்துத் தேடும், கிடைக்கவில்லை என்று சண்டை பிடிக்கும். கடைசியில் உள்ள கடிதம்.டெக்ஸ்ட்டும் அவசியம். உள்ளீடு எதுவும் கொடுக்காவிட்டால் மட் தன் திரையைத் திறந்து உங்களுக்காகக் காத்திருக்கும்.

கேட்டவர்

அண்ணா, ரொம்ப நன்றி. மெயில்யூட்டில்ஸ்தான். மட் போட்டேன், கையால் ஓட்டினால் அருமையாகப் போகிறது. சோதனைக்காக 38 சீட்டையும் என் முகவரிக்கே அனுப்பிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் அதே வரியைக் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் நிரல்) வைத்தால் இரண்டு பிரச்சினை. கடிதத்தின் பொருள் வரியில் மாதம் வருவதற்காகத் தேதி தரும் டேட் கட்டளையும் சேர்த்திருந்தேன், வரி பாதியில் அறுந்துபோகிறது. டேட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் கடிதம் வருகிறது, ஆனால் கோப்பின் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறிவிடுகிறது. பாதிப் பேருக்குத் தமிழ்தான் சட்டென்று படிக்க வரும், அதனால் பெயரைத் தமிழில்தான் வைக்க ஆசைப்படுகிறேன்.

பதில் 2

தமிழிலேயே வையுங்கள், அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் சரிசெய்யலாம்.

கிரான் அட்டவணையில் சதவீதக் குறிக்கு வேறு பொருள் உண்டு. முதல் சதவீதக் குறியோடு கட்டளை முடிந்துவிட்டதாகவும், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் உள்ளீடு என்றும் எடுத்துக்கொள்ளும். டேட்டில் ஆண்டு, மாதம் எல்லாமே சதவீதக் குறியோடுதானே வரும்? ஒவ்வொன்றின் முன்பும் பின்சாய்வுக்கோடு போடலாம். முழு வரியையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, கிரானில் அந்தக் கோப்பை மட்டும் அழைப்பது அதைவிட நல்லது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கேள்விக்குறி வருவது மொழி அமைப்பால். நீங்கள் எஸ்எஸ்ஹெச் வழியாக (தொலைவிலிருந்து) அந்தக் கணினியின் உள்ளே வரும்போது, எந்த மொழி எழுத்து என்று சொல்லும் லாங் என்ற மாறியும் உங்கள் மடிக்கணினியிலிருந்து கூடவே வந்துவிடுகிறது. கிரானுக்கு அது வராது, தமிழ் எழுத்தே தெரியாத நிலையில் ஓடும். ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் இதைச் சேருங்கள்:

எக்ஸ்போர்ட் லாங்=சி.யூடிஎஃப்-8

அப்புறம், அந்தக் கணினியின் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் காலை 7 மணி என்று நீங்கள் எழுதியது இங்கே பிற்பகல் 3 மணிக்குத்தான் ஓடும்.

பதில் 3

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் தம்பி. நானும் சம்பளப் பிரிவில் இருப்பவள்தான், அதனால் சொல்லியே ஆக வேண்டும். விவரமான சம்பளச்சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயம், சரி. ஆனால் அதில் அடிப்படைச் சம்பளம், கூடுதல் நேரம், பிடித்தம் எல்லாம் இருக்கிறது. ஒரு முகவரி மாறிப்போனாலும் ஒருவருடைய வாழ்க்கை இன்னொருவர் கைக்குப் போய்விடும். பூட்டாமல் அனுப்பாதீர்கள்.

கியூபிடிஎஃப் என்ற கருவியில் 256 பிட் குறியாக்கம் போடலாம். அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பது இங்கே பலருக்கும் பழக்கம், அதை விடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் 2025-ல் அது வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. ஆளுக்கொரு கடவுச்சொல் உருவாக்கி நேரில் கொடுங்கள். 38 பேர்தானே, ஒரு மதிய இடைவேளை போதும்.

இன்னொன்று. மட் தான் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதியை வீட்டு அடைவில் சென்ட் என்ற கோப்பில் சேர்த்துவைக்கும். அது வேண்டாம் என்றால் மட்டின் அமைப்புக் கோப்பில் செட் காப்பி=நோ என்று எழுதுங்கள்.

கேட்டவர்

அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த சென்ட் கோப்பைத் திறந்து பார்த்தேன். சோதனைக்கு அனுப்பிய 38 சீட்டுகளும் பூட்டில்லாமல் அதில் கிடந்தன. கோப்பையே அழித்துவிட்டேன், என் அஞ்சல் பெட்டியில் இருந்ததையும் நீக்கிவிட்டேன்.

நேற்று மதியம் சமையற்கூடத்துக்குப் போய் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். இன்று காலை 7 மணிக்கு, சிங்கப்பூர் நேரப்படியே, கிரான் ஓடி எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. கோப்பின் பெயரும் தமிழிலேயே வந்திருக்கிறது.

பதில் 2

நல்லது. ஸ்கிரிப்டின் மேலே எந்த நிரல், எதற்காக அந்த லாங் வரி என்று இரண்டு வரி குறிப்பு எழுதிவையுங்கள் தம்பி. உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவருக்கு உதவும்.

கேட்டவர்

எழுதிவிட்டேன் அண்ணா, தமிழிலேயே.